கடற்படைத் தளபதி கட்சிக்கு நீதிபதியான கதை

கலூரில் குடியிருந்து மட்டாஞ்சேரிக் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் வேலைக்குப் போகும் தமிழர்கள், படகில் போனாலொழிய, தினமும் கடற்படைத் தளத்தைத் தாண்டியே போகிறார்கள். பஸ் தேவராவைக் கடந்து வெண்டுருத்திப் பாலத்தில் ஏறி இறங்கியதும் நீளமான மதில் வரும். வாசலில் துப்பாக்கி ஏந்திய காவல். மதிலை ஒட்டிய வாத்துருத்தியில் நம்மவர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள். மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் பெரும்பாலும் ஏற்படுவதில்லை.

அந்த மதிலுக்கு உள்ளே, 1980களின் பிற்பகுதியில், தென்பிராந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் எல்.ராம்தாஸ். முழுப் பெயர் லட்சுமிநாராயண் ராம்தாஸ். (பாட்டாளி மக்கள் கட்சியின் டாக்டர் ராமதாஸ் வேறு, இவர் வேறு.) பின்னாளில் அவர் இந்தியக் கடற்படைக்கே தலைவரானார். ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அவர் செய்த காரியங்களை வேறு எந்தக் கடற்படைத் தலைவரும் செய்ததில்லை. பாகிஸ்தானுடன் சமாதானம் வேண்டும் என்றார். அணுகுண்டு வேண்டாம் என்றார். கடைசியில் ஓர் அரசியல் கட்சிக்குள் நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்சியாலேயே வெளியேற்றவும் பட்டார்.

தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டவர் அல்ல அவர். ஆனால் ஓட்டுக் கேட்கிறவர்களின் யோக்கியதையைச் சோதிக்கும் வேலை அவருக்கு வந்தது. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும்.

மாதுங்காவில் பிறந்தவர்

ராம்தாஸ் 1933 செப்டம்பர் 5ஆம் தேதி பம்பாய் மாதுங்காவில் பிறந்தார். மாதுங்கா எப்படிப்பட்ட இடம் என்பது பிழைப்புக்காகப் பம்பாய் போய்வந்த தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிப்பு டில்லியில். 1949இல், பதினாறு வயது நிரம்புவதற்கு முன்பின்னாக, டேராடூன் கிளமென்ட் டவுனில் அப்போது இயங்கிய முப்படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1953 செப்டம்பர் 1ஆம் தேதி கடற்படை அதிகாரி ஆனார். தகவல் தொடர்பில் விசேஷப் பயிற்சி பெற்றார்.

அவர் மணந்துகொண்ட லலிதாவும் கடற்படை வீட்டுப் பெண்தான். லலிதாவின் தந்தை ராம்தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படைக்குத் தலைவரான முதல் இந்தியர். 1911இல் செங்கல்பட்டில் பிறந்தவர். 'டஃபரின்' பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் படித்து வெளிவந்தவர். நாடு சுதந்திரம் அடைந்து பத்து ஆண்டுகள் ஆன பின்பும் கடற்படைக்கு ஆங்கிலேயர்களே தலைமை வகித்தார்கள் என்பது இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1958 ஏப்ரலில்தான் அந்த நாற்காலி கட்டாரிக்குக் கிடைத்தது. ஓய்வுக்குப் பின் அவர் பர்மாவுக்கு இந்தியத் தூதராகப் போனார். தளபதிகள் ஓய்வு பெற்றால் தூதராகவோ கவர்னராகவோ போவது வழக்கம்தான். மாமனார் போன அந்த வழியில் மருமகன் போகவில்லை.

கொச்சிக்கும் ராம்தாசுக்கும் உள்ள தொடர்பு தளபதி பதவிக்கு முந்தையது. கடற்படை தனக்கென்று ஓர் அகாடமியை 1969இல் கொச்சியில் தற்காலிக இடத்தில் தொடங்கியது. அதை நிறுவும் பொறுப்பு ராம்தாசிடம் வந்தது. அந்த அகாடமி 1986இல் கோவாவுக்குப் போயிற்று. மறுபடி கேரளத்துக்கே திரும்பி, 2009 முதல் கண்ணூர் மாவட்டம் எழிமலையில் பெரிய அளவில் நடக்கிறது.

'பியாஸ்' கப்பலின் கேப்டன்

1971 பங்களாதேஷ் யுத்தத்தில் ராம்தாஸ், 'பியாஸ்' என்ற போர்க்கப்பலுக்குத் தலைவராக இருந்தார். அந்த யுத்தத்தில் கீழ்க்கடலில் நடந்தது தமிழ்நாட்டோடும் சம்பந்தப்பட்ட கதை. விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' அப்போது கொதிகலனில் விரிசல் விட்டு, முழு வேகத்தில் ஓட முடியாத நிலையில் இருந்தது. ஜூலை மாதம் அதைப் பம்பாயிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அந்தமானில் ஓர் ஒதுக்குப்புறத்தில் மறைத்து வைத்தார்கள். 'விக்ராந்த்' இன்னும் விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்கத் தந்திரங்களும் நடந்தன. அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி, டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது.

மறுநாள் 'விக்ராந்த்' விமானங்கள் காக்ஸ்பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அந்தக் கப்பலைச் சுற்றிக் காவலாக நின்றவற்றில் 'பியாஸ்' ஒன்று. கிழக்குப் பாகிஸ்தானுக்குள் ஒரு கப்பலும் போகவிடாமல், அங்கிருந்து ஒரு கப்பலும் தப்பவிடாமல், கடலை அடைத்து நிற்பதுதான் வேலை. யுத்தம் என்றவுடன் பீரங்கி முழக்கம்தான் நினைவுக்கு வரும். முற்றுகையில் பாதி வேலை காத்திருப்பது. வருகிற சரக்குக் கப்பல் யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். டாக்காவில் பாகிஸ்தான் படை டிசம்பர் 16ஆம் தேதி சரணடைந்தது. கடல்வழி அடைபட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். ராம்தாசுக்கு வீர் சக்ரா கிடைத்தது.

அந்த விருதோடு மகாராஷ்டிர அரசு கொடுத்த நிலம் ஒன்று உண்டு. அலிபாக் பக்கம் பாய்மலா கிராமத்தில். ஓய்வு பெற்ற பின் கணவனும் மனைவியும் அங்கே போய்ப் பண்ணை வைத்துக் குடியேறினார்கள்.

நாற்காலியில் மூன்று ஆண்டுகள்

யுத்தத்துக்குப் பின் சில காலம் மேற்கு ஜெர்மனியில் பான் நகர் இந்தியத் தூதரகத்தில் கடற்படை அதிகாரி. கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதி. பிறகு கொச்சியில் தென்பிராந்தியம். அடுத்து விசாகப்பட்டினத்தில் கீழைப் பிராந்தியம். 1990 நவம்பர் 30ஆம் தேதி கடற்படையின் தலைமைத் தளபதி ஆனார். 1993 செப்டம்பர் 30 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அந்த மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றில் முக்கியமானது பெண்களைக் கடற்படையில் சேர்த்தது. அதுவரை மருத்துவப் பிரிவில் மட்டும்தான் பெண் அதிகாரிகள். 1992இல் மற்ற சில பிரிவுகளிலும் முதல் பெண்கள் அணி சேர்ந்தது. குறுகிய காலப் பணி என்றுதான் அவர்களை எடுத்தார்கள். நிரந்தரப் பணிக்காக அந்தப் பெண்கள் கோர்ட்டுக்குப் போய், 2020 மார்ச் 17ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது. கதவைத் திறந்ததற்கும் நாற்காலி போட்டதற்கும் நடுவே 28 ஆண்டுகள்!

தமிழர்கள் எளிதில் மறக்காத ஒரு சம்பவமும் அவர் பதவிக் காலத்தில்தான் நடந்தது. 1993 ஜனவரியில் விடுதலைப் புலிகளின் மூத்த தலைவர் கிட்டு வந்த 'அகத்' என்ற கப்பலை வங்கக்கடலில் இந்தியக் கடற்படை இடைமறித்தது. ஜனவரி 16ஆம் தேதி அந்தக் கப்பல் வெடித்து எரிந்தது. கிட்டுவும் அவரோடு இருந்தவர்களும் உயிரிழந்தார்கள். புலிகள் இயக்கம் 1992இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருந்த நேரம் அது. பிற்காலத்தில் சமாதானத்துக்காக ஊர் ஊராகப் பேசிய ஒரு மனிதரின் வாழ்க்கையில் இந்தப் பக்கமும் இருக்கிறது. அவரைப் போற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை.

எதிரி நாட்டில் நண்பர்கள்

படையில் இருக்கும்வரை அரசியல் கூடாது. கட்சியில் சேரக்கூடாது, மேடை ஏறக்கூடாது, தேர்தலில் நிற்கக்கூடாது. ஓட்டு மட்டும் போடலாம். சீருடையைக் கழற்றிவிட்டால் மற்றவர்களைப் போல அவரும் ஒரு பிரஜை. ஆனால் பெரும்பாலான தளபதிகள் வாயைத் திறப்பதில்லை. நாற்பது ஆண்டுகள் அடக்கிப் பழகிய வாய், ஓய்வூதியம் வந்ததும் திறந்துவிடுமா என்ன?

ராம்தாசின் வாய் திறந்தது. இந்தியா, பாகிஸ்தான் இரு நாட்டுப் பொதுமக்களும் சந்தித்துப் பேசுவதற்காக 1990களின் நடுவில் ஏற்பட்ட அமைப்பில் சேர்ந்து, அதன் இந்தியக் கிளைக்குத் தலைமை தாங்கினார். எல்லை தாண்டிவிட்டார்கள் என்று பிடிபட்டு இரு நாட்டுச் சிறைகளிலும் கிடக்கும் மீனவர்களை விட வேண்டும் என்பது அந்த அமைப்பின் நெடுநாள் கோரிக்கைகளில் ஒன்று. குஜராத் மீனவன் கராச்சியில். கராச்சி மீனவன் குஜராத்தில். ராமேசுவரத்து மீனவர்களின் கதை தெரிந்த தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலில் கோடு கிடையாது என்பது மீனவனுக்குத் தெரியும். கோடு எங்கே இருக்கிறது என்பது கடற்படைக்காரனுக்குத் தெரியும். அந்தக் கோட்டைக் காவல் காத்த ஒருவரே மீனவன் பக்கம் நின்று பேசினால், அந்தப் பேச்சுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

வீட்டுக்குள்ளேயும் அந்த எல்லை இருந்தது. அவருடைய மூன்று மகள்களில் ஒருவரான கவிதா மணந்தது பாகிஸ்தானியர் ஒருவரை. பாகிஸ்தானோடு யுத்தம் செய்து விருது வாங்கியவருக்குப் பாகிஸ்தானிலிருந்து மருமகன்! கண்டவர்களும் கண்டபடி பேச இது போதும், பேசவும் பேசினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தபோது நாடே இனிப்பு வழங்கிக் கொண்டிருந்தது. இவர் அணு ஆயுதம் கூடாது என்றவர்களோடு நின்றார். 2000இல் அதற்கென்று ஒரு தேசியக் கூட்டணி ஏற்பட்டபோது அதன் முன்னணியில் இருந்தார். 2004இல் சமாதானத்துக்கான மகசேசே விருது அவருக்கும் பாகிஸ்தானின் மனித உரிமைத் தலைவர் ஐ.ஏ.ரகுமானுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஒருவர் யுத்தம் செய்தவர், இன்னொருவர் பத்திரிகைக்காரர். 2011 ஏப்ரலில் தாராப்பூரிலிருந்து ஜைதாப்பூர் நோக்கி அணுமின் நிலையத்தை எதிர்த்து யாத்திரை கிளம்பியபோதும் அவர் பெயர் முன்வரிசையில் இருந்தது. அப்போது அவருக்கு வயது 77.

இந்த இடத்தில் இன்னொரு கடற்படை அதிகாரியையும் நினைக்கத் தோன்றுகிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் நீர்மூழ்கி அதிகாரியாக வேலை பார்த்தவர். கனடாவில் சாக் ரிவர் அணு உலை 1952 டிசம்பரில் பழுதானபோது அதைச் சரிசெய்யப் போன குழுவில் இருந்தார். மறுவருஷம் தகப்பனார் இறந்ததும் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போய் வேர்க்கடலை விவசாயம் பார்த்தார். அங்கிருந்து அரசியலுக்கு வந்தார். அவருடைய தாயார் லில்லியன் 1960களில், 68 வயதில், பம்பாய் விக்ரோலியில் தொண்டராக வந்து நோயாளிகளைக் கவனித்தவர். கார்ட்டர் நூறு வயதைக் கண்டு 2024 டிசம்பர் 29ஆம் தேதி காலமானார். அங்கே ஒரு கடற்படை லெப்டினன்ட் நாட்டின் தலைவராகவே ஆக முடிந்தது. இங்கே ஓர் அட்மிரல் அரசியலில் என்ன ஆனார் என்று பார்க்கலாம்.

கட்சிக்குள் லோக்பால்

2012 நவம்பரில் ஆம் ஆத்மி கட்சி தொடங்கப்பட்டது. ஊழலை ஒழிக்க லோக்பால் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தவர்களிலிருந்து பிறந்த கட்சி அது. ஊருக்குக் கேட்பதை முதலில் வீட்டில் செய்ய வேண்டும் அல்லவா? ஆகையால் கட்சிக்குள்ளேயே ஒரு லோக்பால் வைத்தார்கள். கட்சிக்காரர்கள் மீது புகார் வந்தால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை. அந்த இடத்துக்கு அட்மிரல் ராம்தாஸ் வந்தார். இந்தியாவில் வேறு எந்தப் பெரிய கட்சியும் தன் கழுத்துக்கு இப்படி ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டதாக நினைவில்லை.

கயிறு வேலையும் செய்தது. 2015 டில்லி சட்டசபைத் தேர்தலுக்கு முன் வேட்பாளர்கள் 12 பேர் மீது வந்த புகார்கள் அவர் முன்னால் வைக்கப்பட்டன. விசாரணைக்குப் பின் இரண்டு பேர் மாற்றப்பட்டார்கள். தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, சொந்த வேட்பாளரை நீக்குவது என்பது சாதாரணக் காரியம் அல்ல. எந்த மாவட்டச் செயலாளரையும் கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரியில் வந்த முடிவு யாரும் எதிர்பாராதது. மொத்தம் 70 இடங்களில் 67 ஆம் ஆத்மிக்கு. வெற்றி வந்த வேகத்திலேயே சண்டையும் வந்தது. ஒரு பக்கம் அரவிந்த் கெஜ்ரிவால். இன்னொரு பக்கம் பிரசாந்த் பூஷணும் யோகேந்திர யாதவும். மார்ச் 4ஆம் தேதி தேசியச் செயற்குழு கூடுவதற்கு முன் ராம்தாஸ் ஒரு கடிதம் எழுதினார். தலைமைக்குள் பிளவு இருக்கிறது, உட்கட்சி ஜனநாயகம் தேய்கிறது என்ற கவலையைத் தெரிவித்த கடிதம் அது. அந்தக் கடிதம் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது.

மார்ச் 28ஆம் தேதி தேசியக் கவுன்சில் கூட்டம். வந்தால் மோதல் வரும், ஆகையால் வர வேண்டாம் என்று ராம்தாசுக்குச் சொல்லப்பட்டது. நீதிபதியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வழக்கு நடந்தது. பூஷணும் யாதவும் செயற்குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறுநாள் மூன்று பேர் கொண்ட புதிய லோக்பால் குழு அறிவிக்கப்பட்டது. அதில் ராம்தாஸ் பெயர் இல்லை. பதவிக்காலம் முடிந்தது என்று கட்சித் தரப்பில் சொன்னார்கள்.

கட்சி தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. லோக்பால் என்பவர் கட்சிச் சண்டையில் கருத்துச் சொல்லலாமா, புகார் வந்தால் விசாரிப்பதோடு நிற்க வேண்டாமா என்பது அந்த நியாயம். பேச்சளவில் இது சரிதான். ஆனால் கடிதம் எழுதிய சில வாரங்களில் நாற்காலி போனது என்றால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? லோக்பால் கேட்டுப் பிறந்த கட்சி, தன் லோக்பாலையே பொறுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்பான். அந்தக் கட்சி 2025 பிப்ரவரியில் டில்லியை 22 இடங்களோடு இழந்தது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் 2015 மார்ச்சின் மேல் போடுவதும் நியாயம் ஆகாது.

கொச்சி மறுபடி வந்தது

ராம்தாஸ் வேறு கட்சி தேடிப் போகவில்லை. கடிதம் எழுதுவதை நிறுத்தவும் இல்லை. 2019இல் புல்வாமா தாக்குதலுக்கும் பாலாகோட் தாக்குதலுக்கும் பின், தேர்தல் பிரசாரத் தட்டிகளில் ராணுவ வீரர்களின் படங்கள் வந்தன. மார்ச் 7ஆம் தேதி அவர் தலைமைத் தேர்தல் கமிஷனருக்கு எழுதினார். படையை எந்தக் கட்சியும் ஓட்டுக்காகப் பயன்படுத்தக் கூடாது என்றார். இரண்டு நாளில் தேர்தல் கமிஷன், 2013இல் தான் சொன்னதையே எடுத்துச் சொல்லி, வீரர்களின் படங்களைப் போடக்கூடாது என்று எல்லாக் கட்சிகளுக்கும் தெரிவித்தது.

அதே தேர்தலில், மே 8ஆம் தேதி, டில்லிப் பொதுக்கூட்டத்தில் பிரதமர் மோடி ஒரு குற்றச்சாட்டுச் சொன்னார். 1987இல் ராஜீவ் காந்தி குடும்பம் விமானந்தாங்கிக் கப்பல் 'விராட்'டைச் சொந்த டாக்சி மாதிரி உல்லாசப் பயணத்துக்குப் பயன்படுத்தியது என்றார். மறுநாளே ராம்தாசின் அறிக்கை வந்தது. காரணம், அந்த நாளில் கொச்சியில் தென்பிராந்தியத் தளபதியாக இருந்தவர் அவர்தான். 'விராட்' கப்பலில் பிரதமரோடு கூடவே இருந்தவரும் அவர்தான்.

திருவனந்தபுரத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்பு முடிந்து பிரதமரும் மனைவியும் கப்பலேறினார்கள், லட்சத்தீவில் நடக்கவிருந்த தீவு வளர்ச்சிக் குழுக் கூட்டத்துக்காகப் போனார்கள், அது அரசாங்கப் பயணம், வெளிநாட்டு விருந்தாளிகள் யாரும் கப்பலில் இல்லை என்று அவர் சொன்னார். கப்பல்கள் எதுவும் குடும்பத்துக்காகத் திருப்பிவிடப்படவில்லை, அவசர மருத்துவத் தேவைக்கென ஒரு சிறிய ஹெலிகாப்டர் மட்டும் கவரத்தியில் நிறுத்தப்பட்டது என்றும் விளக்கினார். அப்போது அந்தக் கப்பல்களில் கேப்டன்களாக இருந்த அதிகாரிகளிடமும் கேட்டு எழுதியதாகக் குறிப்பிட்டார். விடுமுறைக்குத்தான் கப்பல் பயன்பட்டது என்று சாட்சி சொன்ன முன்னாள் அதிகாரியும் உண்டு. படிக்கிறவர்கள் இரண்டையும் வைத்து எடைபோட்டுக்கொள்ள வேண்டியதுதான். ராம்தாஸ் அப்போது 85 வயதுக்காரர். காங்கிரசால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

பிரிட்டனிடமிருந்து வாங்கி 1987 மே மாதம் பணியில் சேர்த்த அந்த 'விராட்', 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அருங்காட்சியகமாக வைக்கலாம் என்று சிலர் கோர்ட்டு வரை போனார்கள். பலிக்கவில்லை. குஜராத்தின் அலங் கரையில் கப்பலை உடைத்தார்கள்.

அட்மிரல் ராம்தாஸ் 2024 மார்ச் 15ஆம் தேதி ஹைதராபாத்தில் காலமானார். வயது 90.